ஆடி முடியட்டும்

ஜூன் 3, செவ்வாய்

பேட்டரி கம்பெனிக்காரன் வருஷா வருஷம் ஓசியில் கொடுக்கிற டைரி இது. என் பேட்டரிக் கடைக் கல்லாவுக்கு அடியில் சும்மா கிடந்தது. இன்றைக்கு இங்கே பவானியில் நாங்கள் பார்க்கிற டாக்டர், "எப்ப, எங்க ரத்தம் கசியுதுன்னு தேதி போட்டுக் குறிச்சு வைங்க" என்றதால் எடுத்தேன். எனக்கு எழுதுகிற பழக்கம் கிடையாது. ஆரம்பித்தால் நிறுத்துகிற பழக்கமும் கிடையாது என்று இப்போதுதான் தெரிகிறது.

ரத்தம் கசிவது என் மனைவி தாரணிக்கு. மாசியில்தான் கல்யாணம் ஆனது. பத்து நாளாகக் கை, தொடை, இடுப்பு என்று கண்ட இடத்தில் நீலமாகக் கன்றிப்போகிறது. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்கிறாள். பல் துலக்கினால் வாயெல்லாம் சிவப்பு.

எதிர்வீட்டு சாவித்திரியக்கா அவள் கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நேற்று கடைக்கே வந்து, "ஏந் தம்பி, புள்ளை வந்து நாலு மாசங்கூட முழுசா ஆவலையே" என்று இழுத்தார். நான் அடிக்கிறேனாம்! வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த இன்வர்ட்டரைத் தூக்கிப் போட்டிருப்பேன். என்ன ஏது என்று கேட்காமல் ஒரு மனுஷனைப் பற்றி எப்படி இப்படி நினைக்க வருகிறது இவர்களுக்கு?

ரத்தப் பரிசோதனையில் தட்டணு, அதான் ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட், ஏழாயிரம். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டுமாம். கோயமுத்தூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஜூன் 5, வியாழன்

கோயமுத்தூர். படுக்கையில் சேர்த்தாகிவிட்டது.

டாக்டர் ஜெசிந்தா ரத்த நோய்க்கென்றே படித்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறார். "டெங்கு இல்லை. கிருமி வந்தா அடிக்கிறதுக்கு உடம்புல ஆன்டிபாடின்னு ஒண்ணு ஊறும். இவங்களுக்கு அது ஆள் மாறி அடிக்குது. சொந்தத் தட்டணுவையே எதிரின்னு நினைச்சு அழிக்குது." ஏன் டாக்டர் என்றேன். "ஏன்னு முழுசா யாருக்கும் தெரியாது. அவங்க தப்பு எதுவும் இல்லை" என்றார்.

மாத்திரையோடு இரண்டு நாளைக்குப் பாட்டில் ஏற்றச் சொல்லியிருக்கிறார். ஐவிஐஜி என்று பெயர். நர்ஸ் நல்ல பெண், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். "ஆயிரக்கணக்கான பேரு குடுத்த ரத்தத்துல இருந்து ஆன்டிபாடியை மட்டும் பிரிச்செடுத்ததுங்கண்ணா இது. இத்தனை ஆன்டிபாடி ஒண்ணா உள்ள போனா, அக்கா உடம்புல இருக்கற முரட்டுது குழம்பிப்போயி கொஞ்ச நாளைக்குத் தட்டணுவை விட்டுரும்."

தாரணி என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, அத்தனை சனமும் இப்ப எனக்குள்ளயா? சோறாக்கிப் போட முடியாதுங்க" என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டாள். எனக்கு மட்டும் அழுகை வந்தது. பாட்டில் தீருகிற வரைக்கும் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள்.

ஜூன் 13, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். தட்டணு எண்பத்தாறாயிரம்! அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறி வந்து ஒரு டம்ளர் பப்பாளி இலைச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஊசியாமா ஊசி. என்ற சாறுதான்டா ஏத்துச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. தாரணி வாயைத் துடைத்துக்கொண்டே, "அத்தை, ஏறிருச்சுல்ல, இனி நிறுத்திக்கலாங்களா? கசப்பு தாங்கலைங்க" என்றாள். அம்மாவே சிரித்துவிட்டாள்.

கடையில் ஏழு பேட்டரி சார்ஜுக்குக் கிடக்கிறது. கடையில் வேலை செய்கிற ஆள் வரவில்லை. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டரும் தீர்ந்துபோயிற்று. பரவாயில்லை. மனசு நிறைந்திருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

மறுபடி இறங்கிவிட்டது. பதினோராயிரம். காலையில் மூக்கில் ரத்தம், துண்டு நனைந்துவிட்டது.

டாக்டர் ஜெசிந்தா மகள் பிரசவத்துக்காக லீவில் போயிருக்கிறார். சின்ன டாக்டர் ஒருவர் பார்த்தார். அடுத்த மருந்து ரிட்டுக்ஸிமாப், வாரம் ஒன்றாக நாலு. அதுவும் ஒரு ஆன்டிபாடிதானாம். தட்டணுவை அழிக்கிற ஆன்டிபாடியைத் தயார் செய்கிற செல்லையே தேடிப்போய் அழிக்குமாம். வேலியைப் பிடுங்காமல் ஓணானை மட்டும் பிடிக்கிற வேலை என்று எனக்குப் பட்டது.

அதற்கு முன்னால் கல்லீரல் வைரஸ் உடம்பில் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இருந்தால் இந்த மருந்து அதைக் கிளப்பிவிட்டுவிடுமாம். ரத்தம் எடுத்துக்கொண்டார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

ரிசல்ட் வந்தது. ஹெபடைடிஸ் பி.

சின்ன டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வைரஸ் இப்ப ரத்தத்துல இல்லை. ஆனா அது எப்பவோ வந்துட்டுப் போனதுக்கு அடையாளமா ஆன்டிபாடி இருக்கு. கூடவே ஒரு மாத்திரை குடுத்து ஊசியை ஆரம்பிக்கலாம், பயப்படாதீங்க." எப்படி வந்திருக்கும் என்று கேட்டேன். நாலு வழி சொன்னார். அதில் மூன்று எனக்கு மறந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தாரணியிடம் ஒரு கேள்வி கேட்டேன். சாதாரணக் கேள்விதான். யார் வேண்டுமானாலும் கேட்பார்கள். அவிநாசி தாண்டியதிலிருந்து பவானி வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். இதற்கெல்லாமா கோபம்?

ஜூலை 2, புதன்

நானும் ஈரோட்டில் பரிசோதனை கொடுத்தேன். எனக்கு ஒன்றுமில்லை. சுத்தம். வரும் வழியில் ஆட்டுக்கறி அரைக்கிலோ எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். புதன்கிழமை என்ன விசேஷம் என்று அம்மா கேட்டாள். சும்மாதான் என்றேன். தாரணி சமைத்தாள், சாப்பிடவில்லை.

ஜூலை 5, சனி

என் டம்ளரையும் தட்டையும் தனியாக மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன். துண்டும் தனி. சுத்தம் நல்லதுதானே. பெரிய பெரிய வீடுகளில் ஆளுக்கொரு டம்ளர்தான். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை, வயசான மனுஷி பயந்துகொள்வாள்.

தாரணி அலமாரியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இது எதுக்குங்க?"

"சும்மாதான்."

"கல்யாணத்துக்கு முன்னால யாராச்சும் இருந்தாங்களான்னு பஸ்ஸுல கேட்டீங்களே, அதுக்குங்களா?"

"சத்தம் போடாத. அம்மா இருக்காங்க."

"நான் சத்தமே போடலீங்க. அந்தக் கிருமி எப்படி வந்துச்சுன்னு எனக்கெப்படீங்க தெரியும்? எனக்கு அப்படி யாருமில்லை. இன்னொருக்காவும் கேட்டுக்குங்க, யாருமில்லை."

சொன்னாள். கேட்டுக்கொண்டேன். டம்ளர் அங்கேயே இருக்கிறது.

ஜூலை 9, புதன்

கடை விஷயமாகத் திருப்பூர் போக வேண்டியிருந்தது. போன இடத்தில் தாரணி கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த பனியன் கம்பெனி பக்கம் போக நேரம் கிடைத்தது. அவள் தங்கியிருந்த ஹாஸ்டல் வார்டனம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். சொந்தக்காரப் பெண்ணுக்கு ரூம் வேண்டும் என்று ஆரம்பித்து, மெதுவாகத் தாரணி பேச்சை எடுத்தேன்.

"தாரணியா? தங்கமான புள்ளைங்க. வேலை விட்டா ரூமு, ரூமு விட்டா வேலை. ஞாயித்துக்கிழமையானா அம்மா ஊட்டுக்குப் போயிரும்" என்று உடனே சொல்லிவிட்டார்.

கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னார். சொல்லி வைத்த மாதிரி.

பேட்டரி கம்பெனிக்குப் போக நேரமில்லாமல் போய்விட்டது.

ஜூலை 12, சனி

சின்ன டாக்டர் போன் செய்தார். எப்போது வருகிறீர்கள், தட்டணு இப்படியே கிடந்தால் மூளையில் ரத்தம் கசிய வாய்ப்பிருக்கிறது, கையெழுத்துப் போட்டால் வியாழக்கிழமையே ஆரம்பித்துவிடலாம் என்றார். வியாழக்கிழமை ஆடி ஒண்ணு. புதுசாக எதையும் தொடங்குகிற மாசமா அது?

"ஆடி முடியட்டுங்க டாக்டர்" என்றேன்.

"ஆடிக்கும் ரத்தத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றார். படித்தவர்களுக்கு இதெல்லாம் புரியாது.

அம்மா காதில் விழுந்துவிட்டது. "ஏன்டா பூபதி, ஊசி போடறதுக்கெல்லாம் எவன்டா ஆடி பார்த்தான்? உங்கப்பனுக்கு ஆடி அமாவாசையிலதான் ஆபரேசன் பண்ணுனோம்" என்றாள். விரதம், நோன்பு, சகுனம் என்று எல்லாம் பார்க்கிற அம்மா இதற்கு மட்டும் ஏன் குறுக்கே வருகிறாள் என்று தெரியவில்லை. எரிச்சலாக இருந்தது. கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

தாரணி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. எங்களுக்குத் தலை ஆடி. கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பெண் வீட்டுக்கு அழைத்து விருந்து போட்டு, பெண்ணை மாசம் முடிகிற வரைக்கும் அங்கேயே நிறுத்திக்கொள்வது வழக்கம். வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை.

தாரணி வீடு ஆற்றுக்கு அக்கரையில், குமாரபாளையம். பாலத்தைத் தாண்டினால் போதும். மாமனார் அங்கமுத்து தெருமுனை வரைக்கும் வந்து, "வாங்க மாப்ள" என்று கையைப் பிடித்துக்கொண்டார். தெருவெல்லாம் தேங்காய் சுடுகிற புகை. தேங்காய்க் கண்ணைத் துளைத்து, பருப்பும் வெல்லமும் எள்ளும் போட்டு, மஞ்சள் தடவின குச்சியில் குத்தி, நெருப்பில் சுடுவோம். தாரணி குந்தி உட்கார்ந்து எங்கள் இரண்டு பேருக்குமாக ஒரு தேங்காயைத் திருப்பித் திருப்பிச் சுட்டாள். நெருப்பு வெளிச்சத்தில் கையிலிருக்கிற கன்றல் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. ஓடு வெடித்ததும் பிள்ளையாருக்கு வைத்துவிட்டு ஒரு துண்டு எடுத்து நீட்டினாள். வயிறு சரியில்லை என்றேன்.

மாமனார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மாப்ள, அந்த ஊசி எப்பங்க?"

"ஆடி முடியட்டும் மாமா."

அவர் மகளைப் பார்த்தார். அவள் தேங்காய்த் துண்டைத் தானே தின்றுகொண்டிருந்தாள்.

கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தாள். "பதினெட்டுக்கு வருவீங்களா?" என்றாள். ஆடிப் பதினெட்டுக்கு மாப்பிள்ளை வர வேண்டும், ஆற்றில் குளித்துத் தாலிக்கயிறு மாற்ற வேண்டும். பார்க்கலாம் என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

மின்வெட்டு. கடையில் கூட்டம். வீட்டில் டம்ளரை எல்லாம் ஒன்றாகவே வைத்துவிட்டேன். இப்போது யார் எடுத்தாலும் பரவாயில்லை.

ஜூலை 24, வியாழன்

மாமனார் போன். கையில் ஆசிட் இருந்ததால் எடுக்க முடியவில்லை. கை கழுவின பிறகு, என்ன பேசுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். மறுபடி அவர் கூப்பிடவில்லை.

ஜூலை 30, புதன்

சாவித்திரியக்கா, "தாரணி எப்ப வருது?" என்றார். "ஆடிங்கக்கா" என்றேன். எவ்வளவு வசதியான மாசம் இது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆறுகள் சேருகிற கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை. ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. புதுசாகக் கல்யாணமானதுகள் ஜோடி ஜோடியாக ஈரத்துணியோடு போகிறார்கள். நான் கடையைத் திறந்து வைத்திருந்தேன். இன்றைக்கு எவன் பேட்டரி வாங்க வருவான்? ஒருத்தனும் வரவில்லை.

அம்மா எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தாள். கடைசியில் கலந்த சாதமெல்லாம் கட்டிக்கொண்டு தனியாகவே குமாரபாளையம் போனாள். சாயங்காலம் வந்தாள். சாதம் கொண்டுபோன தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"என்னம்மா? என்ன சொன்னாங்க?"

"ஒரு வார்த்தை கொறை சொல்லலைடா. சோறு போட்டு, பூ வெச்சு உட்டு, பஸ் ஏத்தி உட்டாங்க. வஞ்சிருந்தாக்கூட தேவலை."

"தாரணி?"

"அவளே கயிறு மாத்திக்கிட்டா. நீ எங்கன்னு கேட்கலை."

அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். "மேல் அலமாரியில தனி டம்ளர் வெச்சியே, நான் பார்க்கலைன்னு நெனைச்சயா?" என்றாள். நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஃபைலில் என் நம்பர்தான் இருக்கிறது. "தாரணிக்கு நாளைக்கு மூணாவது டோஸுங்க சார். காலையில வெறும் வயித்துல வர வேண்டாம், சாப்பிட்டே வரச் சொல்லுங்க."

மூணாவதா?

"ஆமாங்க சார். போன மாசம் இருபத்துநாலு ஆரம்பிச்சோமே. அவங்களே கையெழுத்துப் போட்டாங்க. நீங்க வரலைங்களா அன்னைக்கு?"

நான் இல்லாமல், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அப்படி என்ன அவசரம் என்று கத்தலாம் போலிருந்தது. யாரிடம் கத்துவது? அப்புறம்தான் ஞாபகம் வந்தது, இருபத்துநாலாம் தேதிதான் மாமனார் போன் செய்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

கோயமுத்தூர் போனேன். ஊசி போடுகிற ஹாலுக்குக் கண்ணாடிக் கதவு. தாரணி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கையில் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அம்மாவோடு என்னவோ பேசிச் சிரித்தாள். கன்றல் எல்லாம் மஞ்சளாகி மங்கியிருந்தது. மாமனார் மடியில் அவளுடைய செருப்பை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகவில்லை.

வராண்டாவில் டாக்டர் ஜெசிந்தா பிடித்துக்கொண்டார். லீவு முடிந்து வந்துவிட்டாராம்.

"நீங்கதானே ஹஸ்பண்ட்? இங்க என்ன நிக்கறீங்க?"

அந்த ரிசல்ட்டைப் பற்றிக் கேட்டேன். நேராகக் கேட்க வரவில்லை, சுற்றிச் சுற்றித்தான் கேட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அதுவா? அது எங்க தப்பு சார். அந்த டெஸ்டுக்கு ஐவிஐஜி ஏத்தறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுத்திருக்கணும். மூணு வாரம் கழிச்சு எடுத்திருக்காங்க. எத்தனையோ ஆயிரம் பேரோட ஆன்டிபாடியை இவங்களுக்குள்ள ஏத்தியிருக்கோம். அதுல சில பேருக்கு எப்பவோ அந்த வைரஸ் வந்து போயிருக்கும், அவங்க ஆன்டிபாடி இவங்க ரத்தத்துல மிதந்திருக்கு. டெஸ்ட்ல காட்டினது அதைத்தான். வைரஸ் வராது, சுத்திகரிச்சதுதான். ஆன்டிபாடி மட்டும் வந்திருக்கு."

"அப்ப தாரணிக்கு..."

"அவங்களோடதே இல்லைன்னுதான் நினைக்கிறேன். முதல் டோஸ் போட்ட அன்னைக்கே அவங்ககிட்டயும் அவங்கப்பாகிட்டயும் விளக்கமா சொல்லிட்டேனே. உங்ககிட்ட சொல்லலையா?"

"உறுதியாத் தெரியுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

ஒரு மாதிரி பார்த்தார். "இன்னைக்கு மறுபடி ரத்தம் எடுத்திருக்கோம். இந்நேரம் அந்த ஆன்டிபாடியெல்லாம் கரைஞ்சிருக்கும். அடுத்த வாரம் ரிசல்ட் வரும். அது வர்ற வரைக்கும் உள்ள போக மாட்டீங்களா?"

கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வரவில்லை என்றார்கள்.

ஆகஸ்ட் 13, புதன்

வரவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

வந்துவிட்டது. இல்லை! ஒன்றுமே இல்லை! அந்த நல்ல நர்ஸ்தான் எடுத்தாள். "நெகட்டிவுங்கண்ணா. தட்டணுவும் ஏறிட்டு வருது, அறுபதாயிரத்தைத் தாண்டிருச்சு" என்றாள். கடைக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். வந்த கஸ்டமர் என்னமோ ஏதோ என்று திரும்பிப் போய்விட்டான்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு எதுக்குடா சொல்றே" என்றாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒண்ணு. ஆடி முடிந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நாலு முழம் மல்லிகை, ஆப்பிள், தாரணிக்குப் பிடிக்கும் என்று அரைக்கிலோ நெய் மைசூர்பாகு எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். மாமனார் "வாங்க" என்றார். மாப்ள என்று சொல்லவில்லை. மாமியார் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

தாரணி வந்து எதிரில் உட்கார்ந்தாள். முகம் தெளிந்திருந்தது. கையில் ஒரு புள்ளிகூட இல்லை. எவ்வளவு நல்லாயிருக்கிறாள் என்று தோன்றியது. அதைச் சொல்லியிருக்கலாம். நான் ரிசல்ட்டைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன்.

"டாக்டரம்மா எல்லாஞ் சொன்னாங்க தாரணி. அவங்க தப்புதானாம். யாரோ குடுத்த ரத்தத்துல இருந்து வந்ததாம். எனக்கு யாரும் சொல்லவே இல்லையே."

"அப்பா போன் பண்ணாருங்களே. நீங்க எடுக்கலை. மறுபடி கூப்பிடறேன்னாரு, நாந்தான் வேண்டாம்னேன்."

"ஏன்?"

"பார்க்கலாம்னுதாங்க."

என்ன பார்க்கலாம் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. "சரி, துணியெல்லாம் எடுத்து வை. அம்மா காத்துட்டிருக்காங்க" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. மல்லிகைப் பொட்டலத்தை எடுத்து மோந்து பார்த்துவிட்டு வைத்தாள். அப்புறம் கோபமே இல்லாமல் கேட்டாள். "ஒண்ணு கேட்கட்டுங்களா? அந்த ரிசல்ட்டு மாறாம அப்படியே இருந்திருந்தா, இன்னைக்கு வந்திருப்பீங்களா?"

"இதென்ன கேள்வி? வராம இருப்பேனா?"

"உங்களைப் பொறுத்த வரைக்கும் ஆடி பூரா அது அப்படியேதானுங்க இருந்துச்சு. நீங்க வரலையே" என்றாள்.

மாமியார் காபி கொண்டுவந்து வைத்தார். சூடாக இருந்தது, ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்து குடித்தேன். தாரணியும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. மாமனார் தெருமுனை வரைக்கும் கூட வந்து, பஸ் வருகிற வரைக்கும் நின்றுவிட்டுப் போனார்.